குதிருக்குள் இருக்கும் சொல்

கும்பகோணத்தில் கவின்கலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. உணவைப் பொருளாகக் கொண்டு மொழியையும் பண்பாட்டு அடையாளத்தையும் பேசும் ஒரு நிறுவல் கலைப் படைப்பை, அதாவது பொருள்களை ஓரிடத்தில் பரப்பி அமைக்கும் படைப்பை, காவிரி டெல்டாவில் உருவாக்க விரும்புகிறார். பாரம்பரிய நெல் ரகங்களை நிறவாரியாகப் பரப்பி, நடுவில் பெரிய வாழையிலை ஒன்றை விரித்து, பின்சுவரில் ழகரத்தை எழுதி வைக்கலாம் என்பது அவருடைய முதல் எண்ணம். இது போதுமா, போதாதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

போதாது என்பதே என் கருத்து. நெல்லும் இலையும் ழகரமும் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அவை மூன்றும் சேர்ந்து சொல்வது நாம் தமிழர், சோறு உண்பவர் என்ற ஒரு செய்தியை மட்டுமே, அதைச் சொல்ல ஒரு கூடத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. டெல்டாவில் வீட்டுக்கு வீடு உணவு மாறுவதைவிட உணவின் பெயர் அதிகம் மாறுகிறது. ஒரே குழம்பை, ஒரே ரசத்தை, ஒரே பானைச் சோற்றை யார் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதற்குள் சாதியும் சமயமும் தொழிலும் கப்பலேறிப் போனவர்களின் கதையும் அடங்கியிருக்கின்றன. ஆகவே நெல்லைத் தேடிப் போவதற்கு முன்னால் சொல்லைத் தேடிப் போகச் சொல்வேன்.

உணவைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்த முன்னோடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த ரிர்க்ரித் திராவனிஜா 1992இல் நியூயார்க் கலைக்கூடம் ஒன்றின் அலுவலக அறையைக் காலி செய்து, அங்கே அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் தாய்லாந்துக் குழம்பும் சோறும் இலவசமாகப் பரிமாறினார். சுவரில் மாட்டுவதற்கு எதுவும் இல்லை; உண்டதும் உட்கார்ந்து பேசியதுமே படைப்பு. ஈராக்கிய யூத வம்சாவளியினரான மைக்கேல் ரக்கோவிட்ஸ், ஈராக் போருக்குப் பிறகு, தன் தாயோடு சேர்ந்து தொகுத்த பாக்தாத் சமையல் முறைகளை அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். அந்த மாணவர்களில் சிலருடைய உறவினர்கள் அப்போது ஈராக்கில் படைவீரர்களாக இருந்தார்கள். ‘எதிரியின் சமையலறை’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். நமக்கு இன்னும் அருகே, 2018ஆம் ஆண்டு கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியில் விபின் தனுர்தரன் ஒரு பொதுச் சமையலறையை நடத்தினார். 1917இல் சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் கேரளத்தின் செறாயியில் சாதி கடந்து நடத்திய சமபந்தியை அது நினைவில் கொண்டிருந்தது. அதே பினாலேயில் நாட்டு அரிசி வகைகளைச் சமைத்துப் பரிமாறிய ‘உண்ணத்தக்க ஆவணக்காப்பகம்’ என்ற முயற்சியும் நடந்தது. இவற்றில் எதுவும் உணவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார் சமைத்தார், யாருக்குப் பரிமாறினார், எந்தப் பெயரைச் சொல்லிப் பரிமாறினார் என்பதில்தான் அவற்றின் கூர்மை இருந்தது.

வெளியூர் முன்மாதிரிகளை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உணவால் உருவம் சமைக்கும் மரபு டெல்டாவுக்குப் புதிதல்ல. மாட்டுப் பொங்கலன்று தஞ்சைப் பெரிய கோயில் நந்தி காய்கனிகளாலும் இனிப்புகளாலும் மூடப்படுகிறது; ஐப்பசிப் பௌர்ணமியில் சிவாலயங்களில் இலிங்கத்தின்மீது வடித்த சோறு சாத்தப்பட்டு, பிறகு வந்தவர்களுக்கு வழங்கப்படுகிறது. ‘சோறு கண்ட இடம் சொர்க்கம்’ என்ற பழமொழிக்கே அன்னாபிஷேகத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. கல்யாண வீட்டுப் பருப்புத்தேங்காய்க் கூடு, ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரையில் வைக்கும் காப்பரிசி, எறும்பு தின்னட்டும் என்று பச்சரிசி மாவில் போடும் கோலம் ஆகியவையும் இந்த வரிசையில் சேர்பவைதாம். இவற்றை யாரும் நிறுவல் கலை என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் உங்கள் படைப்பைப் பார்க்க வரும் திருவையாற்றுக்காரருக்கோ மன்னார்குடிக்காரருக்கோ, உணவு ஓர் உருவமாக நின்று அன்று மாலையே கலைந்து வயிற்றுக்குள் போவது முன்பே பழகிய செயல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாத்திய சோற்றை எடுத்து விநியோகிக்காமல் அப்படியே வீணாக விட்டால் அவர் அதைக் கலையாக ஏற்க மாட்டார். நானும் ஏற்க மாட்டேன்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். உங்களுக்கான சுரங்கம் இங்கேதான் இருக்கிறது.

சோழநாடு சோறுடைத்து என்பது பழைய வழக்கு. ஆனால் அந்தச் சோழநாட்டின் உணவகங்களில் இன்று சோறு கிடைப்பதில்லை. சாதம் கிடைக்கிறது, ஒயிட் ரைஸ் கிடைக்கிறது, வாசலில் ‘மீல்ஸ் ரெடி’ என்ற பலகை தொங்குகிறது. பந்தியில் ‘இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள்’ என்று கேட்டால் பரிமாறுபவர் ஒரு கணம் ஏறிட்டுப் பார்ப்பார். இரண்டு தலைமுறைகளுக்குள் ஒரு சொல் நாகரிகமற்றதாகிவிட்டது; அதை அப்படி ஆக்கும்படி யாரும் சட்டம் போடவில்லை. ஒரே குடும்பத்தில் பாட்டி சோறு என்பார், மகள் விருந்தினர் முன்னால் சாதம் என்பார், பேத்தி ரைஸ் என்பாள், பானை ஒன்றுதான்.

எதிர்பாராத இடங்களில்தான் பழைய சொற்கள் பிழைத்திருக்கின்றன. நாம் ரசம் என்று சொல்வதை வைணவ அந்தணர் வீடுகளில் சாத்தமுது என்பார்கள்; சாறும் அமுதும் சேர்ந்த சாற்றமுது பேச்சில் அப்படித் திரிந்தது. பாயசம் அவர்களுக்குத் திருக்கண்ணமுது, காய்கறி கறியமுது, சமையல் தளிகை. இந்த ‘அமுது’ அவர்களாகப் படைத்துக்கொண்டதல்ல. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்க வேண்டியவற்றை வரிசையிடும்போது நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது என்றே வெட்டியிருக்கிறார்கள். கடைசியில் வரும் அடைக்காயமுது வெறும் பாக்கு. தெய்வத்தின் முன் வைக்கும்போது பாக்கும் அமுதாகிவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே நாகூருக்கோ காரைக்காலுக்கோ போய்த் தமிழ் முஸ்லிம் வீடுகளில் கேட்டால், குழம்புக்கு ஆணம் என்ற சொல் காதில் விழும்: மீனாணம், புளியாணம். தமிழ் அகராதிகளில் குழம்பு என்ற பொருளோடு இருக்கும் இந்தச் சொல்லை மற்றவர்கள் வழக்கொழிய விட்டுவிட்டார்கள். காலை உணவை அந்த வீடுகளில் பசியாறுதல் என்பார்கள். டிபன் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது இலக்கியச் சொல்போலக் கேட்கும். அவர்களுக்கு அது அன்றாடம். தூய தமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்பவரை அக்கிரகாரத்துத் தளிகையறைக்கும் தர்கா வீதி அடுப்பங்கரைக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது என்ற முரண் ஒன்றே உங்கள் படைப்புக்குப் போதிய கரு என்று நினைக்கிறேன்.

நாம் நமக்கே உரியவை என்று உறுதியாக நம்பும் சில பெயர்கள் பிறமொழிகளிலிருந்து வந்தவை. தஞ்சாவூரை மராத்தியர் 1676 முதல் 1855 வரை ஆண்டார்கள். சரசுவதி மகால் நூலகத்தில் அரண்மனைச் சமையல் குறிப்புகளே மராத்தியில் இருக்கின்றன. தஞ்சாவூர்ச் சமையலின் அடையாளமாகச் சொல்லப்படும் ரசவாங்கியில் இருக்கும் ‘வாங்கி’ மராத்தியில் கத்தரிக்காயைக் குறிப்பது. பிட்லை, கோசுமல்லி, போளி ஆகியவையும் அந்த வழியில் வந்து நம் நாக்குக்கு ஏற்ப வளைந்த பெயர்களே. கோசிம்பீர் என்ற மராத்திச் சொல் கோசுமல்லி ஆனதில் நம் கொத்துமல்லி புகுந்து கொண்டதோ என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம். சாம்பார் மராத்திய மன்னர் சிவாஜியின் மகன் சம்பாஜிக்காகத் தஞ்சை அரண்மனையில் பிறந்தது என்ற கதையை மட்டும் சுவரில் எழுதி வைக்காதீர்கள், அது கதை. கடல்வழி வந்த மிளகாயைப் பாருங்கள்: போர்த்துகீசியர் கொண்டுவந்த ஒரு காய்க்கு, முன்பே தெரிந்த மிளகின் பெயரைச் சூட்டி மிளகு போன்ற காய் என்று உறவு கொண்டாடி உள்ளே சேர்த்துக்கொண்டது தமிழ். வந்த சொல்லை வளைப்பதும், வந்த பொருளுக்கு வீட்டுப் பெயர் வைப்பதுமாகிய இந்த இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே அடையாளம் என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்பது விளங்கிவிடும்.

நெல் ரகங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அறுபதாம் குறுவை என்ற பெயரே எத்தனை நாளில் அறுக்கலாம் என்று சொல்கிறது. காட்டுயானம் யானை மறையும் அளவுக்கு வளரும் என்பார்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு இளவட்டக்கல் தூக்கிய மாப்பிள்ளையின் கதை உண்டு. குழியடிச்சான், ஒட்டடையான், பூங்கார், தூயமல்லி ஆகியவை எல்லாம் வயலைப் பார்த்து, பயிரைப் பார்த்து வைத்த பெயர்கள். பிறகு, 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் வெளியிலிருந்தும் ஏடிடி 36, ஏடிடி 43, ஐஆர் 20 என்று எண்கள் வந்தன. பெயர் போய் எண் வந்தது என்று புலம்புவது எளிது. கண்காட்சிகளில் அதைத்தான் செய்கிறார்கள். அந்த எண்கள் பல வீடுகளில் பசியைத் தீர்த்தன என்பதையும், எண்ணையே உழவர்கள் மறுபடி பெயராக்கிவிட்டார்கள் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. சிஆர் 1009 இங்கே பொன்மணி. ஏடிடி 37 பல ஊர்களில் வெறும் குண்டு நெல். நீங்கள் நெல்லை வைப்பதானால் மாப்பிள்ளைச் சம்பாவுக்குப் பக்கத்திலேயே குண்டு நெல்லையும் வையுங்கள்.

அடுத்து வருவது சற்றுக் கடினமான பகுதி. இந்த மண்ணில் நெல் என்பது உணவு மட்டுமன்று, கூலியும் அதுவே. படி, எட்டுப் படிக்கு ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்காலுக்கு ஒரு கலம் என்று போகும் அளவைகள் சமையலறைக்கு முன்னால் களத்துமேட்டில் இருந்தவை. யாருக்கு எந்த அளவை, தலைதட்டியா குவித்தா என்பது ஒரு குடும்பத்தின் ஆண்டைத் தீர்மானித்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். டெல்டாவில் உணவையும் அடையாளத்தையும் பற்றிப் பேசிவிட்டு ‘படி’ என்ற சொல்லைத் தொடாமல் போக முடியாது. ஆனால் 44 மரக்கால்களை வரிசையாக வைத்துச் சிவப்பு விளக்குப் போடுவது போன்ற எளிய வழிக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊருக்கு நினைவிடம் இருக்கிறது, நினைவைக் காத்து வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசாமல் அந்த எண்ணைப் பயன்படுத்த உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. படி என்ற சொல்லின் வாழ்க்கையையே காட்டினால் போதும்: அளக்கும் பாத்திரத்தின் பெயராக இருந்த சொல் நாள்தோறும் அளந்து கொடுக்கும் உணவுக்கும் பெயராகி, இன்று அரசு ஊழியரின் சம்பளப் பட்டியலில் பயணப்படி, அகவிலைப்படி என்று உட்கார்ந்திருக்கிறது. வாங்குபவர் எவருக்கும் அதில் நெல் வாசனை தெரிவதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று, வயலில் உழைத்தவர்களின் உணவு. பாரம்பரிய உணவுத் திருவிழாக்களில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவும் அசோகா அல்வாவும் வரும். வயல் நண்டு வராது, நத்தை வராது, எலி வரவே வராது. பழையது வரும், அதுவும் மண்சட்டியில் ஊற்றி, சின்ன வெங்காயம் இரண்டை அருகில் வைத்து, நல்ல விலைக்கு வரும். அந்த விலைப்பட்டியலில் அதன் பெயர் நீராகாரம். வரப்பில் குந்தி அதைக் குடித்தவர்கள் நீத்தண்ணி என்றார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒருவர் நடந்து கடக்கும்படி உங்கள் கூடத்தில் வழி அமைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கடைசியாக, போனவர்களின் பங்கு. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். தமிழர்களில் பலர் இந்தக் கரையிலிருந்து போனவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆனால் அந்தத் தீவுகளில் கொலொம்போ என்ற குழம்பு வாரந்தோறும் கொதிக்கிறது. குழம்பு என்ற சொல்லின் திரிபே அது என்று பலர் கருதுகிறார்கள், கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவில் ருகாய் என்றொரு தொடுகறி இருக்கிறது. சொல்லிப் பார்த்தால் ஊறுகாய் கேட்கும். முருங்கையின் பெயரும் அங்கே சற்றே தேய்ந்து நிலைத்திருக்கிறது. வணக்கம் மறந்து போன வாயில் குழம்பு தங்கியிருக்கிறது என்றால், மொழி ஒரு குடியை விட்டுப் போகும்போது கடைசியாக வெளியேறும் அறை அடுப்பங்கரைதான் போலும். மிளகுத்தண்ணி ஆங்கிலத்தில் மல்லிகட்டானி ஆனதை எல்லோரும் எடுத்துக்காட்டிவிட்டார்கள். நீங்கள் காரைக்கால் துறையிலிருந்து தொடங்கினால் அதைவிட நெருக்கமான கதை கிடைக்கும்.

இத்தனையையும் எப்படி ஓர் உருவத்துக்குள் கொண்டுவருவது என்றால், நெல்லைச் சேமித்து வைக்கும் மண் குதிர் ஒன்றின் உருவத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய குதிரின் வாய் நம் தலைக்கு மேலே இருக்கும். நெல்லை எடுக்கும் சிறு துளை அடியில் இருக்கும், துணியோ கட்டையோ வைத்து அடைத்திருப்பார்கள். ஏழெட்டுக் குதிர்களைக் குயவர்களைக் கொண்டு புதிதாகக் கட்டி, உள்ளே நெல்லுக்குப் பதில் குரலை நிரப்புங்கள். பார்வையாளர் குனிந்து, அடித்துளையில் காதை வைத்தால் ஒரு குதிரில் ரசத்துக்கான எல்லாப் பெயர்களும், இன்னொன்றில் குழம்புக்கான பெயர்களும், வேறொன்றில் காலை உணவுக்கான பெயர்களும் வெவ்வேறு வாய்களிலிருந்து வரட்டும். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழி தெரிந்தவர்களுக்கு ஒரு புன்சிரிப்பும் கிடைக்கும். மறைத்து வைத்தது தானே வெளிப்படும் இடம் அது.

குரல்களைப் பதிவு செய்வதில் ஓர் எச்சரிக்கை. ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் மக்கள் பேச்சை உடுத்திக்கொள்வார்கள். திருவாரூர்ப் பக்கம் ஒரு மூதாட்டி என்னிடம் அரை மணிநேரம் சாதம், சாதம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கருவியை அணைத்துப் பையில் போட்ட பிறகு வாசலைப் பார்த்துப் பேரனை அழைத்தார்: ‘சோறு ஆறிப்போவுது, வாடா.’ ஆகவே ‘இதற்கு என்ன பெயர்’ என்று கேட்காதீர்கள். நேற்று என்ன சமைத்தீர்கள், விதைப்பு நாளில் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். கருவி இருப்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும், ஒப்புதலும் தந்திருக்க வேண்டும், ஆனால் அதை மறக்கும் அளவுக்கு நேரமும் கொடுக்க வேண்டும். எழுதும்போது சொன்னபடியே எழுதுங்கள். நீத்தண்ணியை இலக்கணம் பார்த்துத் திருத்த வேண்டாம்.

பொருள்களைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகளும் உண்டு. நெல்லுக்கு வார்னிஷ் பூசாதீர்கள். பூசிய நெல் நெல்லாகாது, பிறகு கோழிக்கும் ஆகாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை எடுத்துக்கொள்வார்கள், ஆனால் மாதக்கணக்கில் வைக்க வேண்டிய நெல் 14 சதவீதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். அந்துப்பூச்சிக்கு நொச்சி, வேப்பிலை, வசம்பு போடலாம், எலிக்கு அவை போதாது. சமைத்த உணவை வைப்பதானால் நண்பகலில் வடித்த சோற்றுக்கு இரவில் பார்வையாளர் கண்முன்னாலேயே தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் அதே சட்டியைப் பழையதாகப் பரிமாறுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் இடையில் மாற்றுங்கள். சமைப்பவர்களுக்குக் கூலியைப் பேசி முன்கூட்டியே கொடுங்கள், அவர்கள் பெயரைப் படைப்பாளர்கள் வரிசையில் போடுங்கள்.

காலம் என்று பார்த்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்காதீர்கள். தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வைத்தால் நெல் காய்ந்திருக்கும், களத்து வேலை முடிந்தவர்கள் வந்து பார்க்கவும் ஓய்விருக்கும். விதை நெல்லைத் திருத்துறைப்பூண்டி பக்கம் நடக்கும் நெல் திருவிழாவின் வழக்கப்படி கடனாகப் பெற முடியும்: மறைந்த நெல் ஜெயராமன் ஏற்படுத்திய முறையில், 2 கிலோ விதை வாங்கிய உழவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கு நிலம் இல்லை என்பதால், படைப்பு முடிந்ததும் ஆடிக்குள் அந்த விதையை விதைக்க இசையும் ஒருவரை இப்போதே பார்த்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.